வடகமும் அந்தச் சிவப்பு பாட்டிலும்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது தலைசுற்றல் இல்லை. போன வாரம் அக்கா பிள்ளையோடு காட்பாடியிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். போனில் பேசினால் "சாப்டியா" என்று நான் கேட்பதும் "சாப்டேம்மா" என்று நீ சொல்வதுமாகவே முடிந்துபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கம்பெனிக்காரர் ஒருவர் அங்கே சீனாவில் நடக்கிற கான்டன் வர்த்தகச் சந்தைக்கு வருகிறார் அல்லவா, இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன தீபாவளிக்கு நீ கொண்டுவந்த மிளகாய் எண்ணெய் பாட்டிலைப் பற்றித்தான் எழுத வேண்டும். சிவப்பு லேபிளில் ஓர் அம்மா படம் போட்டிருக்குமே, அது.

நீ ஊருக்குப் போனபின் ரெண்டு மாதம் அது அலமாரியிலேயே கிடந்தது. மீன் கீன் போட்டிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம், அக்கா வேறு சைவம். தை மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மிக்ஸி ஓடாது, சட்னி இல்லை, இட்லி மட்டும் வெந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அக்கா இங்கேதான் இருந்தாள். அவள்தான் ஜன்னல் வெளிச்சத்தில் லேபிளைப் படித்தாள். சோயா எண்ணெய், மிளகாய், வெங்காயம், புளிக்கவைத்த சோயா பயறு, உப்பு, சர்க்கரை. கறியும் மீனும் இல்லை. சரி என்று திறந்தேன்.

மேலே சிவப்பு எண்ணெய் தெளிந்து நின்றது. ஸ்பூனை அடிவரை விட்டுக் கிளறினால் கரகரவென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் மிளகாய்த் தோல், விதை, பொன்னிறமாக வறுபட்ட வெங்காயத் துணுக்கு, ஊடே கறுப்பாக ஒன்றிரண்டு பயறு. ஒரு துளியை நாக்கில் வைத்தேன். வாயில் வைத்ததும் காரம் ஏறவில்லை. முதலில் வறுத்த வாசனை, பிறகு பல்லில் நொறுங்கும் சத்தம், அதன் பின்னால் மெதுவாகக் காரம், கடைசியில் நாக்கு நுனியில் ஒரு சுருசுருப்பு. நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு உன் ஆயாவின் ஞாபகம் வந்தது. அவர் தாளிக்கிற வடகத்தின் வாசனை அதில் இருந்தது கண்ணு.

உண்மையாகத்தான் சொல்கிறேன். நீயே யோசித்துப் பார். நம் வடகத்தில் என்ன இருக்கிறது? சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம். இடித்துப் பிசைந்து, பானையில் மூடிவைத்துப் புளிக்கவிட்டு, உருண்டை பிடித்து, பகலில் வெயிலில் போட்டு, சாயங்காலம் திரும்பப் பானைக்குள் போட்டு, நாள்கணக்கில் காயவைத்தது. எண்ணெயில் கிள்ளிப் போட்டால் தெருக்கோடி வரைக்கும் வாசனை வரும். வெங்காயம், பயறு, புளிக்கவைப்பது, எண்ணெய். அந்த ஊர்க்காரர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். அவர்கள் மிளகாயை அள்ளிப் போட்டார்கள், நாம் வடகத்தில் மிளகாய் சேர்ப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

லேபிளில் இருக்கிற அந்த அம்மாவின் கதையை நீ சொன்னபோது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அப்புறம் அக்காவிடம் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாவ் ஹ்வாபி என்று பேர். சீனாவில் குய்சோ என்கிற மலை மாகாணத்தில் 1947இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். புருஷன் சீக்கிரமே இறந்துவிட, ரெண்டு மகன்களை வைத்துக்கொண்டு 1989இல் குய்யாங் நகரத்தில் சின்னதாக ஒரு நூடுல்ஸ் கடை போட்டிருக்கிறார். காசில்லாத மாணவர்களுக்குச் சும்மாவே சாப்பாடு போடுவாராம். அவர்கள் கூப்பிட்ட பேர்தான் "லாவ் கான் மா", வளர்ப்புத் தாய் என்கிற மாதிரி. நூடுல்ஸைவிட அதன் மேலே போட்ட மிளகாய்க்காகவே கூட்டம் வந்திருக்கிறது. 1996இல் 40 பேரை வைத்துக்கொண்டு தொழிற்சாலை ஆரம்பித்துவிட்டார். லேபிளில் இருப்பது அவர் படமேதான். அது தெரிந்ததும் அந்த பாட்டிலை அடுப்படியில் முன்வரிசையில் வைத்தேன்.

குய்சோவில் உப்பு விளையாது என்றும், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏழை ஜனம் உப்புக்குப் பதிலாக மிளகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டது என்றும் நீ சொன்னாய். அது எனக்குப் புரிகிற விஷயம். கூழும் ஒரு பச்சை மிளகாயும் இருந்தால் ஆயாவுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்துவிடும். மிளகாய் நமக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை. ரெண்டு பேருக்குமே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. நாம் மிளகை வைத்து மிளகாய் என்று பேர் வைத்தோம். அவர்களும் தங்கள் பழைய மிளகின் பேரையே அதற்கும் ஒட்டிவிட்டார்களாம். அந்தப் பழைய மிளகுதான் நாக்கைச் சுருசுருக்க வைப்பது. அக்கா தாவரவியல் படித்தவள் இல்லையா, அவள் ஒன்று சொன்னாள்: அது நம் மிளகுக் குடும்பமே இல்லையாம். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை இருக்கிற குடும்பமாம். கறிவேப்பிலைக்கு உறவு என்றால் நம் தாளிப்புக்கு ஒத்துப்போகாமல் எங்கே போகும்?

அதற்குப் பிறகு வீட்டில் எதெதற்கோ போட்டுப் பார்த்துவிட்டேன். தயிர்சாதத்துக்கு அதைப் போல ஒன்று கிடையாது. நன்றாகக் குழைத்த தயிர்சாதத்தின் மேல் அரை ஸ்பூன் விட்டு, கலக்காமல், ஓரத்திலிருந்து தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கீரைக் கடைசலுக்கும் சேர்ந்தது. சூடான கேழ்வரகுக் களியைக் குழித்து, கடைசலை விட்டு, அதன் மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் இன்னொரு உருண்டை கேட்டார். நல்லெண்ணெய்க்குப் பதில் இதை விட்டு இட்லிப்பொடி குழைத்தாலும் நன்றாக இருக்கிறது. ஆனால் சாம்பாரில் போட்டால் எண்ணெய் தனியே மிதக்கிறது, துணுக்கெல்லாம் ஊறி நமத்துப்போகிறது. ரசத்திலும் வேண்டாம். பிரியாணிக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, சீரகச்சம்பாவின் வாசனையை அடித்துவிடும்.

கத்தரிக்காய்க்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அப்போதுதான் கொடுத்தார்கள். அந்தக் கத்தரிக்காயை நாலாகக் கீறி எண்ணெயில் வதக்கி, கொஞ்சம் புளித்தண்ணீர் தெளித்து, சுருண்டு வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு ஸ்பூன் அதைப் போட்டுப் புரட்டினேன். அடுப்பில் இருக்கும்போது போட்டால் மொறுமொறுப்பு போய்விடும், அணைத்த பிறகுதான் போட வேண்டும். அப்புறம், அந்த பாட்டிலில் புளிப்பு என்பதே கிடையாது. நம் நாக்குக்குப் புளிப்பு இல்லாமல் காரம் முழுமையாகாது. புளியோ எலுமிச்சையோ தயிரோ தக்காளியோ கூட இருந்தால்தான் அது எழும்புகிறது.

பாட்டில் 210 கிராம்தானே, மாசி முடிவதற்குள் காலி. நானே செய்து பார்த்தேன். முதல் தடவை பூண்டைச் சூடான எண்ணெயில் போட்டுவிட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் கறுத்து, எண்ணெய் முழுக்கக் கசப்பு. அத்தனை எண்ணெயையும் கொட்டும்போது மனசு அடித்துக்கொண்டது. இரண்டாம் தடவை வெங்காயத்தைப் பச்சை எண்ணெயிலேயே போட்டுச் சின்னத் தீயில் வைத்தேன். கால் கிலோ சின்ன வெங்காயம், மெல்லிசாக அரிந்தது. அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று கிளறினேன். முதலில் சளசளவென்று பெரிய சத்தம். ஈரம் போகப் போகச் சத்தம் அடங்குகிறது, குமிழி சின்னதாகிறது. இளம்பொன்னாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும், எடுத்த பிறகும் அது சிவந்துகொண்டேதான் இருக்கும். பூண்டும் அப்படியே. பிறகு ஒரு வடக உருண்டையை உதிர்த்து அதே எண்ணெயில் பொரித்தேன், அவர்கள் போடுகிற அந்தப் புளித்த பயறுக்குப் பதிலாக. குண்டு மிளகாயும் காஷ்மீரி மிளகாயும் கொரகொரப்பாகப் பொடித்துக் கிண்ணத்தில் வைத்து, எண்ணெய் கொஞ்சம் ஆறினதும் ஊற்றினால் புஸ்ஸென்று பொங்கி அடங்கியது. உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒன்றிரண்டாக உடைத்த மல்லாட்டை. அப்பாவுக்காக உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஈர ஸ்பூன் படாமல் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். எதிர்வீட்டம்மா ரெண்டு தடவை கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

இப்போது உன் விஷயம். ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமுக்கு வந்து, குக்கரில் சோறு வைத்து, அந்த எண்ணெயை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறாய் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. நான் கோபப்படவில்லை கண்ணு. நீ இருக்கிற ஊர்ச் சாப்பாட்டில் காரமே இல்லை, வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் நீ வேறு என்ன செய்வாய். ஆனால் அது சாப்பாட்டின் மேலே போடுகிற சாமான், அதுவே சாப்பாடு ஆகாது. வெறுஞ்சோற்றில் ஊற்றி ஊற்றித் தின்றால் உப்பும் எண்ணெயும்தான் உடம்பில் சேரும். அப்பாவின் பிரஷரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான்.

பொட்டலத்தில் இந்தப் பங்குனி வெயிலில் காயவைத்த வடகம் இருக்கிறது, இருபது உருண்டை. ரெண்டு தக்காளி வெட்டிக்கொள். எண்ணெயில் அரை உருண்டையைக் கிள்ளிப் போட்டு, பொரிந்ததும் தக்காளியைப் போட்டு வதக்கி, ரெண்டு முட்டையை உடைத்து ஊற்றி மூடிவிடு. முட்டை வெந்ததும் இறக்கி, அந்த எண்ணெயை மேலே அரை ஸ்பூன் போடு. கால் மணி நேரம்கூட ஆகாது. முட்டை வேண்டாத நாளில் உருளைக்கிழங்கு. அங்கே கீரை நிறையக் கிடைக்கிறது என்றாயே, பூண்டு தட்டிப் போட்டு வதக்கு, பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை. தயிர் சர்க்கரை போடாததாகப் பார்த்து வாங்கு.

வடகத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வை. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடு, பக்கத்து ரூம் பையனுக்கு அந்த வாசனை புதிது. அவன் என்ன வாசனை என்று கேட்டால் சாப்பிடக் கூப்பிட்டு அவனுக்கும் ஒரு கரண்டி போடு.

ஆடியில் வரும்போது அதே அம்மா படம் போட்ட பாட்டில் மூன்று கொண்டுவா. எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று. கோழி போட்டது ஒரு வகை இருக்கிறதாம், அது வேண்டாம், லேபிளைப் பார்த்து வாங்கு. நான் செய்ததில் ஒரு பாட்டில் உனக்கென்று எடுத்துவைக்கிறேன். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்து, எதில் என்ன குறை என்று சொல்.

உன் அம்மா
சத்துவாச்சாரி, வேலூர்