‘ஹை’ என்று போட்டிருந்தால் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் நாளமில்லாச் சுரப்பிகள் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல், கணையம் என்று பெட்டி பெட்டியாக எது எங்கே இருக்கிறது, என்ன சுரக்கிறது என்றெல்லாம் இருந்தது. படமும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு சுரப்பியில் கூடினாலும் குறைந்தாலும் இன்னொன்று அதை எப்படிக் கண்டுகொள்கிறது என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் எங்கள் வீட்டில் பட்ட பாட்டைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மதினி மூன்று வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். தை மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தால், தைராய்டுக்காகப் பார்க்கிற டி.எஸ்.ஹெச். 28, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹை’. நார்மல் என்பது 4 சொச்சம் வரைதான். “கூடிப்போச்சுன்னு அவங்களே போட்டிருக்காங்க, இதுக்கு மேலயும் மாத்திரையை முழுங்கினா என்னத்துக்கு ஆகும்?” என்று டாக்டரிடம் காட்டாமலே நிறுத்திவிட்டார். என்னிடமும் கேட்டார், நானும் சரிதான் மதினி என்றேன், அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. தைராய்டு சுரக்கிற தைராக்சின்தான் அந்த மாத்திரையிலும் இருப்பது, அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகுமாம், அதனால் “பாத்தியா, நல்லாத்தானே இருக்கேன்” என்று நடமாடினார். சித்திரைக் கடைசியில் பார்க்கணுமே! முகம் உப்பி, குரல் தடித்து, அக்னி நட்சத்திர வெயிலில் போர்வை கேட்டார். நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிற கை, மடியில் தட்டோடு தூங்கி வழிந்தது.

அப்புறம்தான் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் சொன்னதை நான் எங்கள் சேரன்மகாதேவி பாஷையில்தான் புரிந்துகொண்டேன். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டும் கடைசி வயலுக்கு ஏறவில்லை என்றால், அந்த வயல்காரர் வரப்பில் நின்று சத்தம் போடுவார், ஏற ஏறச் சத்தம் அடங்கும். டி.எஸ்.ஹெச். என்பது அந்தச் சத்தம். அது தைராய்டு சுரக்கிற சரக்கே இல்லை, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி, ரத்தத்தில் தைராக்சின் போதாது என்று கண்டதும் தைராய்டைப் பார்த்துப் போடுகிற கூச்சல். 28 என்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், மதினிக்கு மாத்திரையைக் கூட்டியிருக்க வேண்டும்! (பிட்யூட்டரியே பழுதானால் தைராக்சின் குறைந்தும் சத்தம் ஏறாது. அதற்காகத்தான் டி4-ஐயும், அதாவது தைராக்சினையே, சேர்த்துப் பார்க்கிறார்களாம்.)

இதே கணக்குதான் அட்ரினலுக்கும். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் சிலர் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அட்ரினல் சுரக்க வேண்டிய சரக்கு வெளியிலிருந்தே வேண்டிய மட்டும் வருவதால் பிட்யூட்டரி பேசாமல் இருந்துவிடும், கேட்க ஆளில்லாத அட்ரினலும் சுருங்கித் தூங்கிவிடும். அந்த நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்படி. இதையாவது ஒரு பெட்டியில் போட்டிருக்கலாம்.

இன்னொன்று, பாக்கெட் உப்பை விட்டுக் கல் உப்புக்கு மாறச் சொல்லியிருந்தீர்கள். தூத்துக்குடி உப்பு எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சாமான், ஆனால் உப்பளத்திலிருந்து அப்படியே வருவதில் அயோடின் சேர்த்திருக்காது. டி4-இல் உள்ள 4 என்பதே நாலு அயோடின் அணு. கல் உப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் இருக்கிறது, பாக்கெட்டைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், முக்கியமாக மாசமாக இருக்கிற பெண்களுக்கு. உப்பை மாற்றினால் எல்லாத் தைராய்டும் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மதினிக்கு இருப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அரிக்கிற வகை, 1912-இல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான் மருத்துவர் எழுதி வைத்தது. அதற்கு மாத்திரைதான்.

அந்த மாத்திரையையும் இவ்வளவு நாள் காப்பியோடுதான் விழுங்கியிருக்கிறார், சத்து மாத்திரையும் கூடவே. காப்பியும் சரி, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளும் சரி, அதை உடம்பில் சேரவிடாதாம். மாத்திரை சாப்பிட்டும் 28-க்கு ஏறியது அதனால்தான் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி கழித்துக் காப்பி, சத்து மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

போன வாரம் ரிப்போர்ட் வந்தது, 3.1. மதினி அதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, “என்னட்டி, இவ்வளவு குறைஞ்சுபோச்சு?” என்கிறார். அடுத்த இணைப்பில் இந்தச் சத்தக் கணக்கை நீங்களே நாலு வரி போட்டால், வெட்டி அவரிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேரன்மகாதேவி