நாரிஸையும் நினைவில் வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அரண்மனை வாழ்க்கை பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அரசர் மலம் கழிக்கும்போது கூட இருந்து உதவியவர்களை ஒரு கேலியான பெட்டிச் செய்தியில் முடித்துவிட்டது வருத்தமாக இருந்தது. அவர்களில் ஒருவர்தான் ஹென்றி நாரிஸ்.

'குரூம் ஆஃப் த ஸ்டூல்' என்ற அந்தப் பதவி அன்றைக்கு லேசில் கிடைக்காது. அரசர் ஹென்றியிடம் அதில் இருந்தவர்களில் பலர் சர் பட்டம் பெற்றவர்கள், அரசரின் சொந்தச் செலவுப் பணத்தையும் கையாண்டவர்கள். வெல்வெட் போர்த்திய மரப்பெட்டி, அதற்குள் ஒரு பாத்திரம், இதுதான் அரசரின் கழிப்பிடம். பக்கத்தில் நின்று தண்ணீரும் துணியும் கொடுப்பதோடு, வயிறு எப்படி இருக்கிறது என்றும் இவர்கள் கவனிக்க வேண்டும். 1539 செப்டம்பரில் தாமஸ் ஹெனேஜ் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மாத்திரையும் எனிமாவும் எடுத்துக்கொண்ட அரசர் இரவு இரண்டு மணி வரை தூங்கினார், பிறகு எழுந்து போனார், நன்றாகவே போனது என்று அதில் எழுதியிருக்கிறார். அரசரின் உடம்பும் மனநிலையும் எப்படியோ அப்படித்தான் அன்றைய அரசாங்கமும் நடந்தது. அமைச்சருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

ஹென்றியிடம் கடைசியாக இந்தப் பதவியில் இருந்த ஆன்டனி டென்னியின் பொறுப்பில் அரசரின் கையெழுத்து அச்சே இருந்தது. தாளில் அழுத்தினால் மையில்லாமல் தடம் பதியும், அதன்மேல் பேனாவால் எழுதிவிடுவார்கள். 1546 டிசம்பர் 30 தேதியிட்ட அரசரின் உயிலில் இருப்பதும் அந்த அச்சுக் கையெழுத்துதான். அரசரின் சாவைப் பற்றிப் பேசுவதே ராஜதுரோகம் என்றிருந்த காலம் அது. மற்றவர்கள் வாய் திறக்கப் பயந்தபோது, முடிவு நெருங்கிவிட்டது என்று அவரிடமே சொன்னவரும் டென்னிதான்.

இவ்வளவு நெருக்கமும் ஹென்றி நாரிஸைக் காப்பாற்றவில்லை. பத்து வருடம் இந்த வேலையைச் செய்தவர் அவர். 1526-இல் அரசரின் முதன்மை அமைச்சராக இருந்த கார்டினல் வுல்சி வகுத்த அரண்மனை விதிகளின்படி, கூப்பிடாமலே அரசரின் படுக்கையறைக்குள் போகும் உரிமை நாரிஸுக்கு மட்டும்தான். 1536 மே முதல் தேதி கிரீனிச்சில் நடந்த குதிரை வீரர்களின் ஈட்டிப் போட்டியிலிருந்து அரசர் பாதியில் எழுந்து புறப்பட்டார். கூடவே குதிரையில் போன நாரிஸிடம், அரசி ஆன் பொலினோடு உனக்கு உறவு உண்டா என்று வழியெல்லாம் கேட்டார். உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்றும் சொன்னார். நாரிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் லண்டன் டவரில் அடைத்தார்கள். மே 17 அன்று அவர் தலையை வெட்டினார்கள்.

அந்தரங்கம் முழுவதையும் ஒப்படைத்த ஒரு மனிதரை பதினேழே நாளில் கொன்றுவிட்ட கதை இது. உயிர் பிழைக்க ஒரு பொய் போதும் என்ற நிலையிலும் அவர் அதைச் சொல்லவில்லை. அவரை நினைத்து எப்படிச் சிரிப்பது?

அடுத்த இதழில் ஆன் பொலின் வழக்கு வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் நாரிஸுக்கும், அதே நாளில் டவர் மேட்டில் உயிரிழந்த மற்ற நால்வருக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்