கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். நம் பிள்ளைகள் இங்கே வேலைக்கு வந்தவண்ணம் இருப்பதால் இதை எழுதத் தோன்றியது.

2008-ல் கடைவாசலில் ஒருவரோடு கைகலப்பாகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தாளை நீட்டி, 300 ராண்டு கட்டினால் இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். படித்துப் புரிந்துகொள்கிற அளவு ஆங்கிலம் அப்போது எனக்கில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்த பதற்றம் வேறு. கையெழுத்துப் போட்டேன். பத்து விரலிலும் மை தடவி ரேகை எடுத்தார்கள். பார்க்கிங் அபராதம் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். 2017-ல் விசாவுக்காகப் போலீஸ் நற்சான்று வாங்கப் போனபோது தலையில் இடி விழுந்தது. அது குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டுகிற அபராதமாம். கோர்ட் படியே மிதிக்காத நான், பதிவேட்டில் தண்டனை பெற்றவன்! அந்தப் பதிவை நீக்கச் சொல்லி மனுப் போடவே, தண்டனையாகிப் பத்து வருடம் கழிந்திருக்க வேண்டுமாம்.

போன வருடம் என் மகன், 23 வயது, நண்பன் கல்யாண விருந்திலிருந்து திரும்பும்போது ஹிக்கின்சன் ஹைவேயில் பிடிபட்டான். 100 மில்லி இரத்தத்தில் மது 0.05 கிராமைத் தொட்டாலே இங்கே குற்றம். லாரி, டாக்சி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு 0.02 தான். குடித்துவிட்டு ஓட்டியது பெரிய தப்பு. இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் "ஒத்துக்கிட்டு முடிச்சிடுங்க" என்றபோது முடியாது என்றுவிட்டேன்.

மறுநாள் கோர்ட்டில் நிறுத்தினார்கள். சொந்த வக்கீலா, லீகல் எய்டா (வசதியில்லாதவர்களுக்கு அரசு தரும் வக்கீல்), நீயே வாதாடுகிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். மகனுக்கு வருமானம் இல்லை. லீகல் எய்ட் கேட்டான். வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் 3,000 ராண்டு ரொக்கமாகக் கொடுத்தால் இன்றைக்கே முடித்துத் தருவதாகச் சொன்னார். லீகல் எய்டில் கொடுத்த வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னதும் பதறிவிட்டார். காசு கொடுத்து வக்கீல் வைப்பதானால் வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா, வக்கீலிடம் கொடுத்த பணம் மோசம் போனால் ஈடு தரும் ஃபிடெலிட்டி ஃபண்டின் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்து, ரசீதோடுதான் கொடுக்க வேண்டுமாம். பிறகு மகனிடம் அவர் முதலில் கேட்டது மணிதான். வண்டியை நிறுத்தியது எப்போது, ஊசி குத்தி இரத்தம் எடுத்தது எப்போது? வண்டி ஓட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தமா என்பதில் வழக்கே திரும்பக்கூடுமாம். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

இரத்தப் பரிசோதனை முடிவு வராததால் வழக்கைத் தற்காலிகமாக வாபஸ் வாங்கினார்கள். என் மனைவி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். வக்கீலம்மா மட்டும், "இது விடுதலை இல்லை ஐயா, முடிவு வந்ததும் சம்மன் வரும். வீடு மாறினால் தகவல் சொல்லுங்கள்" என்றார். ஏழு மாதம் கழித்து வந்தது.

அடுத்த மாதம் விசாரணை. குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஆறு மாதம் லைசென்ஸ் போகும் என்று மகனுக்குத் தெரியும். ஒவ்வொரு தாளையும் வக்கீலம்மா படித்து விளக்கிய பிறகே கையெழுத்துப் போடுகிறான். அன்று ஸ்டேஷனில் எனக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
சாட்ஸ்வொர்த், டர்பன்