நிலத்தடிக் குழாய் ஒழுக்கைக் கண்டறிய வழிகாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் வீட்டு நீரிணைப்புகளை விரிவுபடுத்துவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியை வாசித்தேன். தாளையடியில் கடல்நீரை உப்பகற்றிப் பெருஞ்செலவில் கொண்டுவரும் குடிநீர், நீர்மானிக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட குழாயில் ஒழுகிப் போவதையும் நாம் பேச வேண்டும். எமது மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல். ஒழுகும் நீர் பெரும்பாலும் மேலே கசிந்து தன்னைக் காட்டாது, அப்படியே கீழிறங்கிவிடும். விநியோகம் நிற்கும் வேளையில் குழாயின் அழுத்தம் குறைந்து, அது ஒழுகும் இடத்தினூடாகவே அழுக்கு உள்ளே இழுபடவும் கூடும். மலசலகூடக் குழிகள் நெருங்கியுள்ள வளவுகளில் இது சிறு விடயமல்ல.

எங்கள் வீட்டில் நீர்க் கட்டணப் பட்டியல் இருமடங்கான பின்னரே விடயம் விளங்கியது. இரவு எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுப் பார்த்தோம். மானி சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை ஒட்டுப் போட்டும் பக்கத்திலேயே மீண்டும் வெடித்தது. குழாயை முழுதாக மாற்றி, கல் உரசாதபடி மணல் பரப்பிப் புதைத்த பின்னர்தான் ஒழுக்கு நின்றது. குழாய்களைப் பூட்டி மானியைப் பார்க்கும் இந்த எளிய சோதனையை நீர் வழங்குவோர் மாதாந்தப் பட்டியலின் பின்புறத்தில் அச்சிட வேண்டும். புதிய இணைப்பு வழங்கும்போது, குழாய் செல்லும் பாதையின் வரைபடமொன்றையும் வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

வாசகர்,
நல்லூர்.