ஒய்.பி. ஓடிவிட்டது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள மாமா, ஆசாரி அண்ணன், வாட்ச் கடை பாய், அம்மா, எல்லோருக்கும் வணக்கம்.

நான் செய்துகொண்டிருக்கும் மாடல் ரயில் இன்ஜின் ஓடிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி, ஒன்றரை மீட்டர் தண்டவாளத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி மெதுவாகப் போய், ஒரு இடத்திலும் தயங்காமல் திரும்பி வந்தது. பாய்லர் இன்னும் ஏறவில்லை, கேபின் இல்லை, சக்கரம் பூட்டிய அடிச்சட்டமான வெறும் சேசிஸ்தான். ஆனால் ஆறு பெரிய சக்கரமும் ஒன்றாகச் சுற்றியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: நான் செய்வது ஒய்.பி. வகை மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும்) நீராவி இன்ஜின், 87-இல் ஒரு பங்கு அளவில். 1949 முதல் 1970 வரை மொத்தம் 871 ஒய்.பி. கட்டினார்கள், அதில் பாதிக்கு மேல் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ நிறுவனம் கட்டியவை. நிஜத்தில் 1372 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், என் மேசையில் 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தண்டவாள அகலம் 12 மில்லிமீட்டர். அப்பா திருச்சியிலிருந்து வேலைக்குப் போன பாசஞ்சரை இழுத்தது ஒய்.பி.தான். வேறு இன்ஜின் செய்ய எனக்கு மனசே வரவில்லை.

ஏழு மாதமாக ஒரே தொல்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரு இடத்தில் பிடிக்கும். கரண்டைக் கூட்டினால் துள்ளித் தாண்டும், குறைத்தால் அங்கேயே நின்றுவிடும். மோட்டாரை மாற்றினேன், கியரை மாற்றினேன். பிடிப்பு போகவில்லை.

மாமா, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் அத்தனை வருடம் ஃபிட்டராக இருந்த நீங்கள் வந்து உட்கார்ந்ததும் மோட்டாரைத்தான் முதலில் கழற்றச் சொன்னீர்கள். "கையால தள்ளுப்பா. எங்க பிடிக்குதுன்னு விரல் சொல்லும்." இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்க்கும் அச்சுத்தண்டுதான் ஆக்சில். முன் ஆக்சில், பின் ஆக்சில் மட்டும் வைத்துத் தள்ளினோம், வழுக்கிக்கொண்டு போனது. நடு ஆக்சிலைச் சேர்த்ததும் பிடித்தது. ஏழு மாதம் தேடியது பத்து நிமிடத்தில் அகப்பட்டது.

பிஸ்டனின் தள்ளலை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றவைப்பது கிராங்க். நிஜ இன்ஜினில் இடப்பக்கக் கிராங்கும் வலப்பக்கக் கிராங்கும் 90 டிகிரி தள்ளி இருக்கும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனைக்கு வந்து தள்ள முடியாமல் நிற்கும் நேரத்தில், மறுபக்கத்துப் பிஸ்டன் நடுவில் இருந்து முழு பலத்தோடு தள்ளும். அந்த 90-ஐ ஒவ்வொரு ஆக்சிலிலும் மூலைமட்டம் வைத்துத் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தேன். என் மாடலில் கிராங்க் பின் ஆக்சில் மையத்திலிருந்து வெறும் 3.5 மில்லிமீட்டர் தூரம். அங்கே 0.1 மில்லிமீட்டர் பிசகினால் ஒன்றரை டிகிரிக்கு மேல் தவறிவிடும். நீங்கள் ஒரு இரும்புத் துண்டில் ஆக்சில் உட்கார 'வி' பள்ளம் அராவி, இரண்டு பின்னும் வந்து முட்ட இரண்டு தடுப்பு வைத்து, ஒரே மத்தியானத்தில் ஜிக் (எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் பொருத்த உதவும் தாங்கி) செய்து கொடுத்தீர்கள். "ஜிக்கே 88 டிகிரின்னாலும் பரவாயில்ல. மூணு ஆக்சிலும் அதே 88-ஆ இருக்கணும்" என்றீர்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆசாரி அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆக்சில்களைத் தாங்கும் என் பழைய பிரேமைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் ராடில் இருக்கும் ஓட்டைகளின் இடைவெளியும் பிரேமில் இருக்கும் ஓட்டைகளின் இடைவெளியும் ஒத்துப்போகவில்லை என்று நீங்கள்தான் காட்டினீர்கள். புதிதாக 1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு இரண்டை ஒன்றாக ஒட்டி, நகை அறுக்கிற வாளாலேயே அறுத்தோம். நகைக்குச் செய்வதுபோல் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தால் அப்புறம் பிரிக்க முடியாது, ஈயம் போதும் என்றீர்கள். முதலில் இரண்டு ராடையும் ஒட்டி ஓட்டை போட்டு, அந்த ராடையே அச்சாக வைத்துப் பிரேமில் துளைத்தோம். கடையில் நகை வேலை காத்துக்கிடக்க, மூன்று சாயங்காலம் எனக்காக உட்கார்ந்தீர்கள். கூலி என்று பேச்செடுத்தபோது கோபித்துக்கொண்டீர்கள்.

பாய், கடைசியில் மிச்சமிருந்த மயிரிழைப் பிடிப்பை எடுத்தது உங்கள் கை. வாட்சுக்கு ஓட்டை அகட்டுகிற ஊசி போன்ற அந்தப் பிரோச்சை ராடின் நடு ஓட்டையில் விட்டு, இரண்டே திருப்பு. மூன்றாவது திருப்பு நான் கேட்டேன், நீங்கள் தரவில்லை. "லூஸ் பண்ணா தப்பு மறைஞ்சிடும் தம்பி, போகாது" என்றீர்கள். அப்புறம் ஊசி முனையில் ஒரு சொட்டு வாட்ச் எண்ணெய், ஒவ்வொரு பின்னுக்கும்.

அம்மா பீரோக் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். சேசிஸை அதன்மேல் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், தரையைத் தொடாத சக்கரத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். ஆறில் ஒன்றில் தெரிந்தது, சரி செய்தோம். கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டேன் அம்மா.

சனிக்கிழமை வண்டி ஓடியபோது மாமா பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் காதை வைத்தார். மூன்று நடை போய் வந்த பிறகுதான் நிமிர்ந்தார். "சத்தம் ஒரே சீரா இருக்கு" என்றார்.

அடுத்து சிலிண்டரும் வால்வ் கியரும். மாமா, ஞாயிற்றுக்கிழமை காலை காப்பிக்கு வந்துவிடுங்கள், ஜிக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அண்ணா, வாளில் பிளேடு ஒடிந்துவிட்டது, புதுசு ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். பாய், பிரோச்சை வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் கொண்டுவந்து தருகிறேன். வண்டியையும் எடுத்து வருகிறேன்.