பெரியவர்கள் சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நம் பகுதிப் பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது, அவற்றைச் சுவரோவியமாக வரைவது என்று பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் தந்த இரண்டு வேலைகளும் நல்லபடியாக முடிந்தன. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாகித் தனியே உங்களுக்கு வரும். கணக்கில் அடங்காததை இங்கே எழுதுகிறோம்.

சுவரை முதலில் வரைந்துவிடலாம், பேட்டிகளை அப்புறம் எடுக்கலாம் என்று உறுப்பினர்களில் பலர் சொன்னீர்கள். கண்ணுக்குத் தெரியும் வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்ற ஆவல் நியாயமானதுதான். ஆனாலும் குழு பேட்டிகளை முன்னால் வைத்தது. யாரைக் கௌரவிக்கிறோமோ அவரைக் கேட்காமல் அவர் படத்தை வரைந்தால், சுவருக்கு அழகு கிடைக்கும், அவருக்கு எதுவும் கிடைக்காது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓவியர் ஜூடித் பாகா 1976-இல் வரையத் தொடங்கிய நீண்ட சுவரோவியம் எங்களுக்கு முன்மாதிரி. சுமார் 840 மீட்டர் நீளம், 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் சேர்ந்து வரைந்தது. பாடப்புத்தகத்தில் இடம் பெறாத மக்களின் வரலாற்றை, அதை வாழ்ந்தவர்களிடமும் கேட்டு வரைந்தார்கள். அதனால்தான் அந்தச் சுவரை மக்கள் தங்களுடையது என்கிறார்கள்.

பேட்டிகளை இளையவர்களே எடுத்தார்கள். பெரியவரின் வீட்டிலேயே, விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, களைப்புத் தெரிந்ததும் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ‘ஆமாம், இல்லை’ என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்க்கச் சொன்னோம். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது என்றும் சொல்லியிருந்தோம். நல்ல செய்திகள் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வந்தன. பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக ஓடியது. முதுமையில் அதிகம் எழுவது பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. இங்கேயும் அப்படித்தான்: முதல் வேலை, கல்யாணம், முதன்முதலாகத் தெருவுக்கு வந்த விளக்கு.

ஒரே வெள்ளத்தைப் பற்றி இரண்டு பெரியவர்கள் வெவ்வேறு ஆண்டையும் வெவ்வேறு நீர்மட்டத்தையும் சொன்னார்கள். எதைத் திருத்துவது என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. எதையும் திருத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி திராஸ்துல்லி என்ற எஃகுத் தொழிலாளி 1949-இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தில் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி கேட்டபோது, தொழிலாளிகள் பலர் அந்தச் சாவை 1953-இல், ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். தேதி தவறு, ஆனால் எது அவர்களுக்கு வலித்தது என்பதை அந்தத் தவறுதான் காட்டியது. நம் சுவரில் வெள்ளக் காட்சியில் இரண்டு நீர்க்கோடுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஓவியர் கவனக்குறைவாக வரைந்ததல்ல.

அதேபோல், பெரியவர்கள் முகம் எங்கே என்று சிலர் கேட்கிறீர்கள். முகம் வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம். தையல் இயந்திரம் ஓட்டிய கையை வரையுங்கள், பள்ளி மணியை வரையுங்கள், என்னோடு வேலை செய்து இறந்துபோன தோழியை வரையுங்கள் என்றார்கள். அப்படியே வரைந்தோம். பேசியதை அவர்களுக்கே போட்டுக் காட்டி, அதன் பிறகுதான் ஒப்புதல் கையெழுத்து வாங்கினோம். தன் உடன்பிறந்தவர்கள் இருக்கும்வரை ஒரு பகுதியை யாரும் கேட்கக் கூடாது என்றார் ஒரு அம்மா. அந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. குழு உறுப்பினர்களும் அதைத் திறக்க முடியாது.

சுவர் வேலையில் அதிக நாள் பிடித்தது வண்ணம் பூசுவதற்கு முந்தைய கட்டம். அடியிலிருந்து ஓதம் (ஈரக்கசிவு) ஏறி உப்புப் பூத்திருந்தது. அதன்மேல் எந்த வண்ணத்தைப் பூசினாலும் உரிந்துவிடும். நீர்க் கசிவை அடைத்து, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, புதிய சிமெண்ட் பூச்சை நான்கு வாரம் ஆறவிட்டோம். புதுப் பூச்சின் காரத்தன்மை வண்ணத்தை அரித்துவிடும் என்பதால் காரம் தாங்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதற்குமேல் அக்ரிலிக் வண்ணம். வெயிலில் சில சிவப்புகளும் மஞ்சள்களும் சீக்கிரம் வெளுக்கும் என்பதால் பெரிய பரப்புகளுக்குக் காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்களையே எடுத்தோம்.

சாரத்தில் ஏற முடியாத பெரியவர்களும் தூரிகை பிடிக்க வேண்டும் என்று விரும்பினோம். பிலடெல்பியா நகரின் சுவரோவியக்காரர்கள் செய்வதுபோல், நெய்யப்படாத மெல்லிய துணித் துண்டுகளை மேசையில் விரித்து, பெரியவர்கள் உட்கார்ந்தபடியே வரைந்தார்கள். பிறகு அக்ரிலிக் பசையால் அவற்றைச் சுவரில் ஒட்டினோம். கீழ்வரிசை முழுவதும் அவர்கள் கைவேலை. இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மிகவும் நிறைவு தந்த பகுதி அதுதான்.

பதிவுகள் சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக்கோப்புகளாக மூன்று பிரதிகள் உள்ளன. ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கிறது. எழுத்தாக்கம் இன்னும் நடக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் பேச்சு வழக்கைத் திருத்தாமல் எழுத வேண்டும். நேரம் தரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறோம். லாஸ் ஏஞ்சல்ஸ் சுவருக்கே 2011-இல் பெரிய மராமத்து தேவைப்பட்டது. மேற்பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் ஓதம் பார்க்க வேண்டும். இன்னும் பதிவு செய்யாத பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு, சம்மதம் என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவி குழுவிடமே இருக்கிறது. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு