நேட்டால் போன பெரியவரைப் பற்றி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வேலை பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், சந்தோஷம்.

நீ இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நம் குடும்பத்துக்குப் புதிய ஊர் இல்லை. என் தாத்தாவின் பெரியப்பா 1880களில் சென்னையில் கப்பலேறி அங்கேதான் போனார். திரும்பவில்லை. டர்பன் இருந்த ஆங்கிலேயக் காலனிக்கு நேட்டால் என்று பேர். அதனால் வீட்டில் ‘நேட்டால்காரர்’ என்பார்கள், அதற்கு மேல் பேசமாட்டார்கள். கூலிக்குப் போனவர் என்ற கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது, உனக்கும் வரக்கூடாது.

1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ‘ட்ரூரோ’ என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. அந்த மண்ணின் ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. கரும்புத் தோட்ட முதலாளி கொடுக்கும் கூலிக்கு உழைக்க அவர்கள் இசையவில்லை. அதனால்தான் நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். 1911இல் நிறுத்தும்வரை போனவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல், பாதிக்கு மேல் சென்னை மாகாணத்தார். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் சிறை.

அதைக் கடந்தவர்கள் அப்புறம் செய்ததை நினைத்தால்தான் எனக்கு மனசு நிறைகிறது. ஒப்பந்தம் முடிந்த பலர் டர்பனைச் சுற்றி நிலத்தை வாடகைக்குப் பிடித்துப் புதர் வெட்டினார்கள். காய்கறி, மக்காச்சோளம், புகையிலை எல்லாம் போட்டார்கள். காவடியில் இரண்டு கூடையைத் தொங்கவிட்டு வீடு வீடாக விற்றார்கள். ஊருக்குக் காய்கறி கொடுப்பவர்கள் இவர்கள்தான் என்று அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவே 1887இல் எழுதியது. அந்த வளர்ச்சி வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1895இல் சட்டம் போட்டு, அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் வருஷம் 3 பவுன் வரி என்றார்கள். 1913இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, அடுத்த வருஷம்தான் அது ஒழிந்தது.

அந்த மண் யாருடையது என்பதையும் மறந்துவிடாதே, பாப்பா. 1879 போரில் ஆங்கிலேயர் ஜூலு ராஜ்யத்தை உடைத்துப்போட்ட சில வருஷத்துக்குள் நம் பெரியவர் அங்கே இறங்கியிருக்கிறார். அவர் புதர் வெட்டுவதற்கு முன்னால் அங்கே யாருடைய மாடு மேய்ந்ததோ.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கப்பல் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. ஆளுக்கொரு எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு ஜில்லா வட ஆர்க்காடு. ஊர்ப்பேரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், வாய்விட்டுப் படித்துப் பார். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு என்று தாத்தா சொல்லியிருக்கிறார். எண் கிடைத்தால் எந்தத் தோட்டத்துக்குப் போனார், யாரைக் கட்டினார் என்று தேடலாம். அவர் வழியில் வந்தவர்கள் அங்கே இருந்தால் அவர்களோடு பேச எனக்கு ரொம்ப ஆசை.

லீவு கிடைக்கும்போது போய்ப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா